கட்டம்

பெட்டியைத் திறந்தபோது
ஃபரோ தீவுகளில் நவம்பர், மாலை மூன்றரை.
வீட்டுக்குள் வெளிச்சம் என்று இருந்தது அதுதான்.
டைட்டானியம் வளையம், நீலக்கல் கண்ணாடி.
கூரி சமையல் கத்தியால் ஒருமுறை கீறிப் பார்த்தாள்.
கத்திதான் முனை மழுங்கியது.

கிளாக்ஸ்விக் துறைக்கு வெளியே
சால்மன் வலைக்கூண்டுகளில் அவளுக்கு வேலை.
உப்பு, ஆலங்கட்டி, மீன்செதில், பீச்சுக்குழாய்,
எதற்கும் அசரவில்லை கடிகாரம்.
ஒருதரம் சார்ஜ் ஏற்றினால் பதினெட்டு நாள்.
தடித்த கையுறைக்குள்ளிருந்து அழுத்தினாலும்
பொத்தான் 'டக்' என்று பேச்சு கேட்கும்.
"என்னைவிட நல்லா உழைக்குது"
என்றான் ஹானுஸ், அவள் கணவன்,
கொஞ்சம் பொறாமையோடு.

ஆனால் படகு ஆடினால் அதை நடை என்று எண்ணும்.
அலை பெருத்த நாளில் பதினாறாயிரம் அடி,
பாராட்டுப் பதக்கம் வேறு.
நாலு மணி நேரம் நின்றபடி செத்த மீன் பொறுக்கினால்
"நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்திருங்கள்"
என்று மணிக்கட்டில் தட்டும்.
செயலிக் கடையில் கோபன்ஹேகன் மெட்ரோ இருந்தது,
கோல்ஃப் இருந்தது,
மூச்சை எண்ணித்தர ஏழு பேர் காத்திருந்தார்கள்.
நீரோட்டம் எப்போது திரும்பும் என்று சொல்ல
ஒருவரும் இல்லை.
அந்தத் தீவுகளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பிறகு அந்த எழுத்து.
வளைந்த கழுத்தில் குறுக்குக்கோடு போட்டது.
ஏட்டில் உண்டு, நாக்கில் இல்லை.
யாரும் உச்சரிப்பதில்லை,
எழுதும்போது யாரும் விட்டுவிடுவதுமில்லை.
கூரி என்ற பெயருக்குள் அது இரண்டு இடத்தில்
சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.
வானிலைக்கு அவர்கள் சொல்லும் சொல்லிலும் ஒன்று.
கடிகாரத்துக்கு அதைத் தெரியாது.
தெரியாத இடத்தில் வெற்றுக் கட்டம் வரையும்.

தமிழில் இதைச் சொல்வது எனக்குச் சுலபம்:
மெய் செய்தார்கள், உயிர் ஏற்றவில்லை.
வல்லினத்துக்கே காசு தீர்ந்துவிட்டது,
மெல்லினத்துக்கு மிச்சமில்லை.
கூரிக்கு இந்த இலக்கணம் எதற்கு?
அவளிடம் தராசு இருந்தது,
மீன்குஞ்சுகளை மாதிரி எடுத்து நிறுப்பது.
கழற்றித் தட்டில் வைத்தாள்.
ஐம்பத்திரண்டு கிராம்.
இருப்பது அவ்வளவு.
இல்லாததை எந்தத் தட்டில் வைப்பது என்று
அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி ட்ரோந்துர் பேரன்ட்ஸ் கடலில், இழுவலைக் கப்பலில்.
ஜனவரியில் எழுதினான்:
வலை போயிற்று. சமையற்காரர் பாலுக்கு இரண்டு விரல் போயிற்று.
நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை, அக்கா.
மணிக்கட்டில் பதில்கள் மூன்றே மூன்று:
சரி. நன்றி. வந்துகொண்டிருக்கிறேன்.
ஈரக் கையுறை 'நன்றி'யில் பட்டுவிட்டது.

அன்றிரவு அலமாரியைக் குடைந்து
காலிப் பெட்டியைத் தேடி எடுத்தாள்.
திருப்பியனுப்பும் கெடு
கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்திருந்தது.

"அப்டேட் வரும்" என்றான் ஹானுஸ்.
வந்தது, ஏப்ரலில்.
நாற்பது நிமிடம் சுற்றோ சுற்றென்று சுற்றி
"சில திருத்தங்கள், மேம்பாடுகள்" என்று கனைத்துவிட்டு
முகப்பில் செர்ரிப் பூக்களை வைத்தது.
காற்று ஒரு மரத்தையும் நிமிரவிடாத ஊரில்.
எழுத்து வரவில்லை.

மே மாதம், அவள் பிறந்தநாளுக்கு,
நார்வேத் துறைமுகம் ஒன்றின் முத்திரையோடு தபால் அட்டை.
ட்ரோந்துரின் கோணல் கையெழுத்து.
அவள் பெயரை மட்டும் பொறுமையாக எழுதியிருந்தான்:
இரண்டெழுத்து, ஒரு கட்டம்,
இன்னும் இரண்டெழுத்து, இன்னொரு கட்டம்.
ஸ்கேல் வைத்துப் போட்டிருக்க வேண்டும்,
அந்தக் கப்பல் ஆடும் ஆட்டத்தில்.

தபால்காரி வாசலில் நின்று வாசித்தாள்:
"கூரி."
ஒரு குறையும் இல்லை.

வாங்க நீட்டினாள்.
இடது கையில் கடிகாரம்
அதையும் ஓர் அடியாக எண்ணிக்கொண்டது.